மெல்லிய லேப்டாப் உங்கள் அன்றாட வேலைக்கு ஒத்துவருமா? வாங்கும் முன் படிப்படியாகப் பார்க்க வேண்டியவை

2008 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காக்கி ஆபீஸ் கவருக்குள்ளிருந்து முதல் மேக்புக் ஏரை உருவி எடுத்தார். அதன் தடிமனான பகுதி 19.4 மி.மீ., எடை 1.36 கிலோ. இன்றைய மிக மெல்லிய லேப்டாப்புகளோடு ஒப்பிட்டால் 19 மி.மீ. தடிமன்தான். ஆனால் 1.36 கிலோ என்பது இன்றைக்கும் நல்ல எடைதான். அந்த லேப்டாப்பில் இருந்தது ஒரே ஒரு யுஎஸ்பி போர்ட். டிவிடி டிரைவ் இல்லை, லேன் கேபிள் செருக இடமில்லை, ரேம் 2 ஜிபி, அதுவும் போர்டோடு சேர்த்து சால்டர் செய்யப்பட்டது.

பதினெட்டு ஆண்டுகள் கழித்தும் கணக்கு அதேதான். ஒரு மில்லிமீட்டர் குறையும்போது உள்ளேயிருந்து ஏதாவது ஒன்று வெளியே போகிறது: ஒரு ஃபேன், ஒரு போர்ட், ரேம் ஸ்லாட், பேட்டரியில் கொஞ்சம், கீபோர்டின் அழுத்தம். அப்படிப் போனது உங்களுக்குத் தேவைப்படுமா என்று பார்ப்பதுதான் வேலை. பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது, அவர்கள் தாராளமாக வாங்கலாம். யார் அந்தப் பெரும்பாலானவர்களில் சேரமாட்டார்கள் என்பதைக் கண்டுபிடிக்க முதல் படியிலிருந்து தொடங்குவோம்.

படி 1: இப்போதிருக்கும் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்

கடைக்காரரிடம் "என்ன வேலைக்கு சார்?" என்ற கேள்விக்கு நாம் எல்லோரும் சொல்லும் பதில் "நார்மல் யூஸ்தான்". அதில் ஒன்றும் தெரியாது. ஒருவரின் நார்மல் யூஸ் ஜிமெயிலும் யூடியூபும். இன்னொருவரின் நார்மல் யூஸ் கல்யாண வீடியோ எடிட்டிங்.

விண்டோஸ் கம்ப்யூட்டர் வீட்டிலோ ஆபீசிலோ இருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பகுதிக்குப் போய், வழக்கமான வேலையைச் செய்தபடியே சிபியு (பிராசஸர்), மெமரி (ரேம்) இரண்டையும் நாலைந்து நாள் அவ்வப்போது கவனியுங்கள். சிபியு வரைபடம் அடிக்கடி மேலே போய் உடனே கீழே இறங்குகிறதா, ஏறி அங்கேயே நிற்கிறதா? இதுதான் முக்கியம். ஒரு வெப்சைட் திறக்கும்போது, பெரிய எக்செல் ஃபைல் கணக்குப் போடும்போது சில நொடி 80, 90 சதவீதம் தொட்டுவிட்டு இறங்கினால் கவலையில்லை. மெல்லிய லேப்டாப்புகள் அந்த மாதிரிக் குறுகிய ஓட்டத்துக்கென்றே செய்யப்பட்டவை. அரைமணி நேரம் தொடர்ந்து 80 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், அந்த வேலை அவற்றுக்கு ஆகாது.

நடைமுறையில் பிரித்தால், பிரவுசர், மெயில், வேர்ட், எக்செல், டேலி, ஜூம் கிளாஸ், படம் பார்ப்பது, வீட்டில் உட்கார்ந்து பைத்தான் படிப்பது, கேன்வாவில் போஸ்டர் செய்வது எல்லாம் மெல்லிய லேப்டாப்பில் சுகமாக ஓடும். கேம்ஸ், பிரீமியர் ப்ரோவில் மணிக்கணக்கான எடிட்டிங், ஆட்டோகேட் முப்பரிமாண வேலை, பிளெண்டர் ரெண்டரிங், ஆண்ட்ராய்டு எமுலேட்டரை நாள் முழுக்க ஓட்டும் ஆப் டெவலப்மென்ட் இவற்றில் ஏதாவது ஒன்று வாராவாரம் இருந்தால் தனி கிராஃபிக்ஸ் கார்டும் நல்ல ஃபேனும் உள்ள கனமான லேப்டாப்பையே பாருங்கள். மாதத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிட வீடியோ வெட்டுகிறேன் என்றால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கொஞ்சம் காத்திருந்தால் முடிந்துவிடும்.

படி 2: மில்லிமீட்டரை விடுங்கள், கிலோவைப் பாருங்கள்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது தடிமன். தோளில் தொங்குவது எடை. இரண்டும் ஒன்றாகவே நகரும் என்று நினைக்க வேண்டாம். 2018-இல் வந்த ஏசர் ஸ்விஃப்ட் 7-ன் தடிமன் 8.98 மி.மீ.; உலகிலேயே மெல்லியது என்று கொண்டாடினார்கள். எடை சுமார் 1.2 கிலோ. அதே ஆண்டின் எல்ஜி கிராம் 14 அங்குல மாடல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தடிமன், ஆனால் எடை ஒரு கிலோவைத் தொடவில்லை. அந்தக் கூடுதல் இடத்தில் 72 வாட்-அவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) பேட்டரியையும் வைத்திருந்தார்கள். பையில் போட்டபின் 9 மி.மீ.க்கும் 16 மி.மீ.க்கும் வித்தியாசம் தெரியாது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் நன்றாகத் தெரியும்.

என் கணிப்பில், தினமும் பஸ்ஸிலோ ரயிலிலோ தூக்கிப் போகிறவர்களுக்கு 1.4 கிலோவுக்குள், 15 அல்லது 16 மி.மீ. தடிமனில் இருப்பதுதான் சரியான இடம். 12 மி.மீ.க்குக் கீழே போகும் விண்டோஸ் லேப்டாப்புகளில் அழகுக்காகக் கொடுக்கும் விலை அதிகம். எடை பார்க்கும்போது சார்ஜரையும் சேர்த்துப் பாருங்கள். 65 வாட் யுஎஸ்பி-சி சார்ஜர் உள்ளங்கைக்குள் அடங்கும், அதிலேயே போனும் சார்ஜ் ஆகும். பழைய மாதிரி செங்கல் சார்ஜர் கூட வந்தால் மிச்சம் பிடித்த எடையில் பாதி அதிலேயே போய்விடும்.

லேப்டாப் மேசையை விட்டு நகரவே போவதில்லையா? அப்படியானால் மெலிவுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

படி 3: சூடு

மெல்லிய லேப்டாப்பைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் புரிந்துகொள்ள முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

பிராசஸர் சாப்பிடும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. எடுத்துக்காட்டாக, இன்டெல் ஐ5-1335யு சிப்பின் அடிப்படை அளவு 15 வாட். அவசரத்துக்கு 55 வாட் வரை அது எகிறும். அந்த 55 வாட் சூட்டைத் தொடர்ந்து வெளியே தள்ளும் அளவுக்கு மெல்லிய உடம்பில் இடம் கிடையாது. ஆகவே சில நொடிகள், அதிகம் போனால் ஓரிரு நிமிடங்கள் முழு வேகத்தில் ஓடிவிட்டு, மேல்பரப்பு கை பொறுக்காத சூட்டுக்குப் போகாமல் இருக்க லேப்டாப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பெட்டியில் ஒரே பிராசஸர் பெயர் போட்டிருக்கும் இரண்டு லேப்டாப்புகளில் ஒன்று இன்னொன்றைவிட மெதுவாக இருப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். அதே சிப், குறைந்த மூச்சு.

பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். இன்டெல்லில் யு என்று முடிந்தால் 15 வாட் வகை, மெல்லிய உடம்புக்குப் பொருத்தம். எச் என்று முடிந்தால் 45 வாட் வகை (கோர் அல்ட்ரா வரிசையில் பெரும்பாலும் 28 வாட்). மிக மெல்லிய லேப்டாப்பில் எச் சிப் போட்டு விற்றால் ஏமாற வேண்டாம். தாளில் இருக்கும் வேகம் மேசையில் கிடைக்காது, ஃபேன் சத்தம் மட்டும் முழுசாகக் கிடைக்கும். 2024 செப்டம்பரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசையில் வி என்று முடியும் சிப்புகள் குறைந்த மின்சாரத்தில் நன்றாக ஓடுபவை. விலை குறைந்த மெல்லிய லேப்டாப்புகளில் இருக்கும் என்100 வெறும் 6 வாட் சிப். பிரவுசருக்கும் வேர்டுக்கும் போதும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

2020-இல் எம்1 சிப்புடன் வந்த மேக்புக் ஏரிலிருந்து அந்த வரிசையில் ஃபேனே கிடையாது. 2022-இன் எம்2 மாடல் 11.3 மி.மீ. தடிமன், 1.24 கிலோ. சத்தமே இல்லாமல் அன்றாட வேலை முழுவதையும் செய்துவிடும். நீண்ட வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போதுதான் சில நிமிடங்களுக்குப் பிறகு வேகம் இறங்குவது தெரியும். மேலே 12 மி.மீ.க்குக் கீழே வேண்டாம் என்று சொன்னது விண்டோஸ் லேப்டாப்புகளுக்குத்தான், இதற்கு அல்ல.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருவோம். மேக் லேப்டாப்புகளை 10 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மற்ற கம்பெனிகளின் கையேடுகளிலும் பெரும்பாலும் இதையொட்டிய எண்களே இருக்கும். கத்திரி வெயிலில் வேலூரிலோ திருச்சியிலோ ஏசி இல்லாத மாடி அறை மதியம் 35-ஐத் தாண்டிவிடும். ஷோரூமோ 24 டிகிரியில் இருக்கிறது. ஒரே வேலைக்கு, அறை 12 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் லேப்டாப்பின் உடம்பும் ஏறக்குறைய அவ்வளவு கூடுதலாகச் சுடும், அல்லது அதைத் தவிர்க்க வேகம் குறையும். ஷோரூமில் தொட்டுப் பார்த்து "சூடே இல்லையே" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

அதனால் டெமோ பீஸில் இப்படிச் செய்யுங்கள். யூடியூபில் ஒரு 4கே வீடியோவை ஓடவிட்டு, பத்துப் பதினைந்து டேப்களைத் திறந்துவைத்து, கால்மணி நேரம் வேறு மாடல்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். கீபோர்டுக்கு மேலே உள்ள பகுதியையும் அடிப்பக்கத்தையும் தொடுங்கள். அங்கேயே கை வைக்கச் சங்கடமாக இருந்தால் மே மாதத்தில் அதை மடியில் வைக்க முடியாது. இளஞ்சூடாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஃபேன் உள்ள மாடல்கள் பலவற்றில் காற்று அடிப்பக்கமாகத்தான் உள்ளே போகிறது. மெத்தையிலும் தலையணையிலும் வைத்தால் அந்த வழி அடைபடும். கட்டிலில் படுத்துக்கொண்டு பயன்படுத்துவதுதான் வழக்கம் என்றால் ஃபேன் இல்லாத மாடலோ, அடியில் ஒரு பலகையோ வேண்டும்.

படி 4: பின்னால் சேர்க்க முடியாததை இன்றே வாங்குங்கள்

"இப்போதைக்கு 8 ஜிபி போதும், அப்புறம் ரேம் போட்டுக்கலாம்" என்ற பழைய வழக்கம் இங்கே செல்லாது. மெல்லிய லேப்டாப்புகளில் பெரும்பாலும் ரேம் மதர்போர்டில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். மேலே சொன்ன வி வகை இன்டெல் சிப்புகளில் ரேம் பிராசஸரோடு ஒரே பொதியில் வருகிறது, 16 ஜிபி அல்லது 32 ஜிபி மட்டும். எந்தக் கடையிலும் அதை மாற்றித் தர முடியாது.

விண்டோஸ் 11 குறைந்தபட்சம் 4 ஜிபி கேட்கிறது. அது இன்ஸ்டால் ஆவதற்கான அளவு, வேலை செய்வதற்கானது அல்ல. 8 ஜிபியில் விண்டோஸ் தனக்கு எடுத்ததுபோக மிச்சத்தில் பிரவுசரும் ஜூமும் எக்செல்லும் சேர்ந்து ஓடும்போது நெருக்கடி வந்துவிடும். மேக்புக் ஏரில் ஆப்பிளே 2024 அக்டோபரில் தொடக்க அளவை 8-லிருந்து 16 ஜிபியாக உயர்த்தியது. நான்கைந்து வருடம் ஓட வேண்டுமென்றால் 16 ஜிபி வாங்குங்கள். காசு இடித்தால் பிராசஸரில் ஒரு படி இறங்குங்கள், ரேமில் இறங்காதீர்கள்.

ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி விஷயம் கொஞ்சம் பரவாயில்லை. பல விண்டோஸ் மாடல்களில் எம்.2 எஸ்எஸ்டியைக் கழற்றிப் பெரியதாக மாற்றலாம். மேக்புக் ஏரில் முடியாது. 512 ஜிபி நல்ல தொடக்கம். மிக மலிவான மெல்லிய லேப்டாப்பில் ஸ்டோரேஜ் என்ற இடத்தில் ஈஎம்எம்சி (எஸ்எஸ்டியைவிட மெதுவான, மலிவான சேமிப்பு) 64 ஜிபி என்று போட்டிருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். இரண்டு விண்டோஸ் அப்டேட்டில் நிரம்பிவிடும்.

படி 5: எதைச் செருகுகிறீர்கள்?

வீட்டிலும் ஆபீசிலும் லேப்டாப்பில் செருகும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பென்டிரைவ், மவுஸ், பிரிண்டர், கல்லூரி புரொஜெக்டரின் எச்டிஎம்ஐ வயர், கேமரா மெமரி கார்டு, லேன் கேபிள், ஆடிட்டர் ஆபீஸ் என்றால் டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன். 2015-இல் ஆப்பிள் 920 கிராமில் ஒரு 12 அங்குல மேக்புக்கை விட்டது. அதில் ஹெட்போன் துளையைத் தவிர ஒரே ஒரு யுஎஸ்பி-சி. சார்ஜ் போட்டால் பென்டிரைவ் செருக முடியாது. 2019-இல் அதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு யுஎஸ்பி-சி, குறைந்தது ஒரு பழைய செவ்வக யுஎஸ்பி இருக்கிற மாடல் கிடைத்தால் அன்றாட வாழ்க்கை எளிது.

யுஎஸ்பி-சி என்று ஒரே வடிவத்தில் இருந்தாலும் எல்லாம் ஒரே வேலை செய்வதில்லை. சிலதில் டேட்டா மட்டும் போகும். சிலதில் சார்ஜும் ஏறும், மானிட்டருக்குப் படமும் போகும். தண்டர்போல்ட் 4 என்றால் எல்லாமே உண்டு, 40 ஜிகாபிட் வேகத்தில். கம்பெனி இணையதளத்தின் விவரப் பட்டியலில் பவர் டெலிவரி, டிஸ்ப்ளேபோர்ட் என்ற இரண்டும் அந்தப் போர்ட்டுக்கு எதிரே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் வாங்கும் ஹப்பில் (ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் சிறு பெட்டி) எச்டிஎம்ஐ துளை இருந்தும் படம் வராது. ஹப்பின் விலையை லேப்டாப் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

2024 ஜூனிலிருந்து, இன்டெல்லிலிருந்து வேறுபட்ட வகையான ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப்புடன் வரும் விண்டோஸ் லேப்டாப்புகள் மெலிதாகவும் பேட்டரி நிறைய நிற்பவையாகவும் இருக்கின்றன. சாதாரண பழைய மென்பொருள்களை அவை மொழிமாற்றி ஓட்டிவிடும். ஆனால் பிரிண்டர், ஸ்கேனர், டோக்கன் போன்றவற்றுக்கான டிரைவர்களை (அந்தக் கருவிகளை இயக்கும் மென்பொருள்கள்) அப்படி ஓட்ட முடியாது. அந்தச் சிப்புக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். பழைய பிரிண்டரும் ஜிஎஸ்டி டோக்கனும் வைத்திருப்பவர்கள் டிரைவர் உண்டா என்று அந்தந்தக் கம்பெனியின் தளத்தில் பார்க்காமல் இந்த வகையைத் தொடாதீர்கள்.

படி 6: கீபோர்டும் திரையும் – கையும் கண்ணும் சொல்ல வேண்டியவை

மெலிவுக்காகக் கீபோர்டில் கைவைத்த கதை ஆப்பிளுக்கே நடந்தது. 2015-இல் அவர்கள் கொண்டுவந்த பட்டர்ஃபிளை கீபோர்டில் சிறு தூசு விழுந்தாலும் சாவி ஒட்டிக்கொண்டது, அல்லது ஓர் எழுத்து இரண்டாக விழுந்தது. 2018-இல் இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை அறிவித்தார்கள், 2020-இல் அந்த வடிவத்தையே கைவிட்டார்கள், 2022-இல் அமெரிக்க வழக்கு ஒன்றில் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள்.

ஆகவே கடையில் நின்றபடி நோட்பேடைத் திறந்து ஒரு பக்கமாவது தட்டச்சு செய்யுங்கள். தமிழ் 99-இல் அடிப்பவர் என்றால் அதிலேயே அடியுங்கள். கீபோர்டின் நடுவில் விரலால் அழுத்தினால் பலகை குழிகிறதா என்றும் பாருங்கள். திரையின் மூலையை மெதுவாக அசைத்தால் ரொம்ப வளைகிறதா என்றும். கூட்டமான டவுன் பஸ்ஸில் பை நசுங்கும்போது உடைவது அந்த மெல்லிய மூடிதான்.

திரையில் இரண்டு எண் போதும். வெளிச்சம் 300 நிட்ஸுக்குக் குறையக்கூடாது, ஜன்னலோரம் உட்காருபவர் 400 பாருங்கள். வண்ணத்துக்கு 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று இருந்தால் நல்லது. 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று எழுதியிருந்தால் சிவப்பு ஆரஞ்சாகத் தெரியும் வெளிறிய திரை அது.

படி 7: பேட்டரிக் கணக்கை நீங்களே போடுங்கள்

"18 மணி நேரம்" என்பது வெளிச்சத்தைக் குறைத்து வைத்து வீடியோ மட்டும் ஓட்டி எடுத்த எண். வாட்-அவரைப் பாருங்கள். பிரவுசரும் வேர்டும் என்றால் சராசரியாக 7 வாட் செலவாகும் என்று வைத்துக்கொண்டால், 50 வாட்-அவர் பேட்டரி சுமார் 7 மணி நேரம் நிற்கும். கேமராவைப் போட்டு ஜூமில் இருந்தால் செலவு இரண்டு மடங்காகும், மூன்றரை மணி நேரம்தான். 40-க்குக் கீழே உள்ள பேட்டரி வேண்டாம்.

மேசையில் சார்ஜரோடே வேலை செய்பவர்கள் செட்டிங்ஸில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். நிரம்பிய பேட்டரியும் நம் ஊர்ச் சூடும் சேர்ந்தால் அதன் ஆயுள் சீக்கிரம் குறையும். டச்பேட் கிளிக் ஆகாமல் இறுகினாலோ, மூடி சரியாக மூடாமல் மேடு தட்டினாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு நேரே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்; அமுக்கிப் பார்க்கும் வேலையெல்லாம் வேண்டாம்.

படி 8: பில் போடும் முன்பும் பின்பும்

மெல்லிய லேப்டாப்பில் ஒரு பாகம் கெட்டால் பெரும்பாலும் ஒரு தொகுதியே மாறும். ரேம் பழுதானால் மதர்போர்டு. கீபோர்டு கெட்டால் பல மாடல்களில் மேல்பலகை முழுவதும். அதனால் கனமான லேப்டாப்புக்குத் தேவையில்லை என்று நான் சொல்லும் கூடுதல் வாரண்டியை இதற்கு வாங்கச் சொல்வேன். விழுந்தாலும் தண்ணீர் கொட்டினாலும் பொருந்தும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண வாரண்டி அந்த இரண்டையும் ஏற்காது. உங்கள் ஊரிலோ பக்கத்து மாவட்டத் தலைநகரிலோ அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் உண்டா என்பதைக் கம்பெனித் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், விற்பவர் வாயிலிருந்து வேண்டாம்.

மூடிக்கும் கீபோர்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. கேமராவை மறைக்கும் பிளாஸ்டிக் மூடியோடு மேக் லேப்டாப்பை மூடினால் திரை உடையலாம் என்று 2020-இல் ஆப்பிள் எச்சரித்தது. கட்டாயம் ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால் சாதாரண பிரிண்டர் தாளின் தடிமனை, அதாவது 0.1 மி.மீ.யைத் தாண்டக்கூடாது. கீபோர்டின் மேல் விரிக்கும் சிலிகான் உறைக்கும் இதே ஆபத்து உண்டு. கடையில் இலவசமாகத் தந்தாலும் மூடும்போது எடுத்துவிடுங்கள்.

பெட்டியைத் திறந்த அன்றே சீரியல் நம்பரைக் கம்பெனித் தளத்தில் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியிருக்கிறது என்று பாருங்கள். பில் தேதிக்கு முன்பே தொடங்கியிருந்தால் பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லலாம். கடையின் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் உங்கள் பிரிண்டர், புரொஜெக்டர், டோக்கன் எல்லாவற்றையும் ஒருமுறை செருகி, மதியம் இரண்டு மணிக்கு, ஏசி போடாமல், ஒரு முழு ஜூம் மீட்டிங்கை அதில் நடத்திப் பார்த்துவிடுங்கள்.